மேலே வரும்வரை

என் வீட்டில் எந்தப் பாத்திரமும் இடுப்புக்கு மேலே இருக்காது. குடம், அண்டா, டம்ளர், பீங்கான் தட்டு எல்லாம் தரையிலோ தரையை ஒட்டிய பலகையிலோதான். சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. புத்தர் படம்கூட அட்டையில் ஒட்டி நான்கு மூலையிலும் ஆணி அடித்ததுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, பாவம், அலமாரி வைக்க வசதியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வெகு ஆழத்தில் இருக்கும் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்து நொறுங்கும். அதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே இருக்கும் எங்களுக்கு, உட்கார்ந்திருக்கும் பலகையை யாரோ அடியிலிருந்து ஓங்கி உதைத்த மாதிரி இருக்கும். உயரத்தில் வைத்ததெல்லாம் தலையில் விழும். இரண்டு மூன்று தலைமுறை தலையில் வாங்கிக்கொண்ட பிறகு பாத்திரங்கள் கீழே இறங்கிவிட்டன, அவ்வளவுதான்.

பூமி ஆடினால் மற்ற ஊர்க்காரர்கள் வெட்டவெளிக்கு ஓடுவார்கள். நாங்கள் முதலில் சுவரைத் தட்டுவோம். லைன் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டியவை. ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வரும், நன்றாகத்தான் இருக்கிறோம் என்று. அவர்கள் அடுத்த சுவரைத் தட்டுவார்கள். அப்படியே கடைசி வீடு வரைக்கும் போகும். பிறகு அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, சுரங்கக் குழியின் வாசலான ஷாப்ட் கேட்டுக்கு ஓடுவோம். கீழே ஷிப்டில் இருக்கும் ஆண்கள் கூண்டில் ஏறி மேலே வந்து அந்தக் கேட் வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

கேட்டுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. யாரும் போட்டவையல்ல, எல்லோருக்கும் தெரிந்தவை. கேட்டில் அழக்கூடாது. கேட்டுக்கு வந்துவிட்டால், நம் ஆள் மேலே வரும்வரை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. நம் ஆள் வந்துவிட்டாலும், பக்கத்தில் நிற்கிறவளின் ஆள் வரும்வரை நகரக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டம்தான் கஷ்டமானது. தன் புருஷன் கை கால் முழுசாக எதிரில் வந்து நிற்கும்போது முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமா? என் கணவர் ஒவ்வொரு தடவையும் மேலே வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் கையைக்கூடத் தொடாமல் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்றேன். அவரும் தலைத் தொப்பியைக் கழற்றாமல் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதே கேட்டில் நின்றிருக்கிறான்.

நான் தங்கவயலிலேயே ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். வாழிடம் என்கிற பாடத்தை வருடா வருடம் நடத்தினேன். ஓர் உயிரினத்துக்கு உணவும் நீரும் உறைவிடமும் பாதுகாப்பும் கிடைக்கிற இடம் அதன் வாழிடம். மீனுக்குத் தண்ணீர், ஒட்டகத்துக்குப் பாலைவனம், குரங்குக்குக் காடு. இங்கிலீஷில் ஹேபிடட். பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஒரு நாள் அந்தப் பாடத்தின் நடுவில்தான் ஏர் பிளாஸ்ட் வந்தது. மாட்டிவைத்திருந்த வரைபடம், மீனும் ஒட்டகமும் குரங்குமாக, கழன்று என் காலடியில் விழுந்தது. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. பைகளை அப்படியே விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் முன்னால் போக, வகுப்பு மொத்தமும் கேட்டுக்கு நடந்தது. வழியில் ஒரு பெண் பிள்ளை என் பக்கத்தில் வந்து கேட்டாள்:

"டீச்சர், எங்கப்பாவுக்கு வாழிடம் இன்னா டீச்சர்? கீழயா, மேலயா?"

"மேலதான்" என்றேன். "கீழ வேலைக்குத்தான் போறாரு."

"அப்பன்னா மேல வந்துருவாரு இல்ல?"

வந்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைசி ஆள் வரும்வரை வகுப்பு மொத்தமும் நின்றது. மறுநாள் வரைபடத்தை மறுபடி மாட்டிப் பாடத்தைத் தொடர்ந்தேன். உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு என்று கரும்பலகையில் எழுதினேன். ஐந்தாவதாக எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது என்று மனதில் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. பாடப் புத்தகத்தில் நான்குதான் இருந்தது, நான்கோடு விட்டுவிட்டேன்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதுவது நின்றது. பம்பு ஓடாததால் கீழே தண்ணீர் ஏறியது. ஆண்கள் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். ரயிலில் போய் வருவது அலுத்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். என் கணவர் எங்கேயும் போகவில்லை. அவர் நெஞ்சில் கல்தூசி நிறைந்திருந்தது. மூடிய சில வருடங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கி வாங்கி இறந்தார். அத்தனை தடவை மேலே வந்த மனுஷன், கீழே ஒரு ஆபத்தும் இல்லாத காலத்தில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரிடையர் ஆன பிறகும் நான் லைன் வீட்டிலேயே இருந்தேன். என் வீட்டுக்கு வலது பக்கத்துக் குடும்பம் போன வருடம்தான் ஓசூர் பக்கம் போனது. இடது பக்கம் அதற்கு முன்பே காலி. வலது பக்கத்துக்காரி, கேட்டில் என்னோடு நின்றவள், போகும்போது சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அழவில்லை, பழக்கதோஷம். அவள் போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு வீட்டில் தனியாக இருப்பது வேறு, இரண்டு பக்கச் சுவருக்குப் பின்னாலும் ஆளில்லாமல் இருப்பது வேறு. முன்பெல்லாம் அவள் குக்கர் சத்தத்தை வைத்து நான் உலை வைப்பேன். அவள் போன பின்பு சில நாள் மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது. டிவியை ஓடவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்வேன். பேச்சுக் குரல் சுவர் வழியாக வருவது போலிருக்கும் என்பதற்காக.

இந்த வருட மழைக்குப் பின்பு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். கழுத்தில் பைனாகுலர். மூடிக் கிடக்கும் சுரங்க நிலத்தில் வெளிமான்கள் மேய்கின்றன அல்லவா, அவற்றைக் கணக்கெடுக்கிறார்களாம். காலையில் எந்தப் பக்கம் மேயும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்று கேட்டார்கள். சொன்னேன். பழைய ஷாப்ட்டைச் சுற்றிப் புல் வளர்ந்த இடத்தில்தான் நிறைய வரும் என்றேன். டீயும் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு ஆள் வந்து வெகு நாளாகியிருந்தது.

"ரொம்ப நல்ல ஹேபிடட், ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், வெளியே பார்த்தபடி. "மனுஷங்க நடமாட்டம் குறைஞ்சதும் தானா உருவாயிருக்கு. இத அப்படியே விட்டா போதும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பெண். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் நாலைந்து தலைமுறை இங்கே இருந்தபோது யாரும் இதை எங்களுடைய வாழிடம் என்று சொன்னதில்லை. காகிதங்களில் குவார்ட்டர்ஸ் என்றார்கள், குடியிருப்பு என்றார்கள், கம்பெனி போன பிறகு ஆக்கிரமிப்பு என்றும் சொன்னார்கள். மான் நாலு வந்து புல்லைக் கடித்ததும் அந்தச் சொல் கிடைத்துவிட்டது. அதற்காக மானிடம் சண்டைக்குப் போக முடியுமா? "சரிம்மா, டீ ஆறுது, குடி" என்றேன்.

அவர்கள் போன பின்பு அகராதியை எடுத்துப் பார்த்தேன். ரிடையர் ஆன டீச்சருக்கு வேறு என்ன வேலை? அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்ததாம். பழைய இயற்கை நூல்களில் செடியின் பெயரையோ விலங்கின் பெயரையோ எழுதி, அது இன்ன இடத்தில் வாழ்கிறது என்று தொடங்குவார்களாம். அந்த 'வாழ்கிறது'தான் ஹேபிடட். இவ்வளவு வருடமாகப் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாது. அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்குத்தான் ஆளில்லை.

மகனிடம் சொல்லியிருக்கலாம். அவன் தினமும் போன் செய்வான். ஆனால் அவனுக்கு வேறு கவலை. பெங்களூரில் அவனும் மருமகளும் இருக்கும் ஃப்ளாட்டில் எனக்கென்று ஒரு அறை இல்லை. அதே கட்டடத்தில் மேலே பெரிய வீடு ஒன்று காலியாகப் போகிறது. நான் நிரந்தரமாக வருவதென்றால் அதற்கு மாறுவார்கள்.

"வந்து பத்து நாள் இருந்து பாரும்மா" என்றான். "புடிச்சா இரு. புடிக்கலன்னா சொல்லு. தனியா அங்க விட்டுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியல."

அந்தக் கட்டடத்தின் பெயரிலேயே ஹேபிடட் என்று இருந்தது, வாசலில் பித்தளை எழுத்தில். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் என்ன அத்தை என்றாள். ஒன்றுமில்லை என்றேன். மாமியாராகப் போன இடத்தில் முதல் நாளே பாடம் நடத்தக்கூடாது.

அவள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், மரியாதை தெரிந்த பெண். எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான், அதுவும் வாய் திறக்காத சண்டை. அவள் கண்ணாடி டம்ளர்களையும் தட்டுகளையும் தலைக்கு மேலே அலமாரியில் அடுக்கியிருந்தாள். அவள் வேலைக்குப் போனதும் நான் ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைப்பேன். சாயந்தரம் வந்து அவள் மறுபடி மேலே ஏற்றுவாள். மறுநாள் நான் இறக்குவேன். கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"அத்தை, கீழ வச்சா கால்ல படுமே. ஏன் இறக்குறீங்க?"

"மேல இருந்தா விழும்மா."

"எப்படி விழும்?"

எப்படி என்று சொல்லத் தொடங்கினால் சுரங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். "சரி, இருக்கட்டும்மா" என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டடத்துக்கு அடுத்த மனையில் புதுக் கட்டடத்துக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் பாறை வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் வெடி வைத்தார்கள். விசில் ஊதி எச்சரித்திருப்பார்கள். மிக்ஸி ஓடியதில் எனக்குக் கேட்கவில்லை. அடியிலிருந்து ஓர் உதை. ஜன்னல் கிடுகிடுத்தது. மேலே இருந்த கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கியது. சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை.

சமையலறைச் சுவரை ஓங்கித் தட்டினேன். பதில் வரவில்லை. மறுபடி தட்டினேன். (பக்கத்து ஃப்ளாட்காரர் கீழே செக்யூரிட்டிக்குப் போன் செய்து, யாரோ சுவரை இடிக்கிறார்கள் என்று புகார் சொன்னாராம்.) அடுப்பை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். லிப்டுக்குக் காத்திருக்காமல் படி வழியாக இறங்கி, அடுத்த மனையின் தகரக் கேட்டுக்குப் போய் நின்றேன்.

இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அங்கே என் வீட்டு ஆள் யாரும் வேலை செய்யவில்லை. என் கணவர் இறந்து எத்தனையோ வருடமாகிறது. அது பெங்களூர், நான் நிற்பது ஒரு கட்டட வேலை நடக்கும் இடம் என்பதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கால் நகரவில்லை. காவலாளி என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு பெண் நின்றிருந்தாள். அங்கே வேலை செய்பவர்கள் தங்கும் தகரக் கொட்டகையிலிருந்து வந்தவள். வடநாட்டுக்காரி, தமிழோ கன்னடமோ தெரியாது. கையில் தூக்குவாளி. வெடிச் சத்தம் கேட்டு வந்தாளா, சாப்பாடு கொடுக்க வந்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கண் பள்ளத்தின் சரிவிலேயே இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தொப்பி போட்டவர்கள் சரிவில் ஏறி வர ஆரம்பித்தார்கள். அவளுடைய ஆளும் வந்தான். அவள் பல் தெரியச் சிரித்தாள், சட்டம் தெரியாதவள். தூக்குவாளியை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், நான் இன்னும் நிற்பதைப் பார்த்தாள். பள்ளத்தைக் கையால் காட்டி, உன் ஆளா என்பது போலக் கேட்டாள். யாரும் இல்லை என்று கையை விரித்தேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. புருஷன் கூப்பிட்டும் போகாமல், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டில் அழக்கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன். வலது பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போன பிறகு என்னோடு யாராவது நின்றது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் கடைக்குப் போயிருந்த மகன் காய்கறிப் பையோடு வந்து சேர்ந்தான். செக்யூரிட்டி சொல்லி மருமகள் போன் செய்திருக்கிறாள்.

"இன்னாம்மா இங்க நின்னுகினு இருக்க? எல்லாரும் மேலருந்து பாக்கறாங்க."

மேலே பார்த்தேன். பால்கனிகளில் தலைகள்.

"எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாத்துட்டு வர்றேன்டா."

"யாரு வரணும்? இது கே.ஜி.எஃப் இல்லம்மா. அப்பா போய்ட்டாரு. வா, போலாம்."

"நீயும்தானேடா நின்ன? என் முந்தானைய புடிச்சிகினு."

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல" என்றான். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். பள்ளத்திலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் வருவதற்குள் நான் கேட்டைவிட்டுக் கிளம்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவன் திட்டியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஞாபகம் இல்லை என்றானே, அதுதான் வலித்தது. அப்படியென்றால் அந்தக் கேட் என் ஒருத்தியின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறதா? இரண்டு நாள் கழித்துச் சாயந்தர ரயிலில் ஊருக்குத் திரும்பினேன். ஸ்டேஷனில் மகன் சொன்னான்:

"அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லிடும்மா. வர்றன்னா பெரிய வீட்டுக்கு மாறிடறோம். வரலன்னா இங்கயே இருந்துக்கறோம். அப்புறம் நான் உன்ன கேக்க மாட்டேன்."

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ரயில் பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். வரமாட்டேன். மீனைப் பிடித்துத் தொட்டியில் விடலாம், அது நீந்தவும் செய்யும். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. எனக்கு என் லைன், என் சுவர், என் கேட். தரையில் இருக்கும் என் பாத்திரங்களை எடுத்து மேலே வைக்க அங்கே யாரும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு நானே தைரியம் கொடுத்துக்கொண்டேன். வாரம் முழுவதும் வேறு யாரோடும் நான் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகன் போன் செய்வான் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். முதல் கவளம் வாயில். அடியிலிருந்து ஓர் உதை.

சுரங்கம் மூடிய பின்பும் எப்போதாவது இப்படி வரும். கீழே தண்ணீர் நிறைந்ததால் பாறை அசைகிறது என்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை; தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் தளும்பியது. எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வலது பக்கச் சுவரைத் தட்டினேன். பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இடது பக்கச் சுவரைத் தட்டினேன். அங்கேயும் இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவில், கையில் ரசம் சோறு காய, கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையைக் கழுவி, கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். ஓடுகிற வயதில்லை.

ஷாப்ட் கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே கூண்டை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரம் மட்டும் நிற்கிறது. சுற்றிலும் இடுப்பளவு புல். நான் போய் நின்றபோது மான்கள் எதிர்ப்பக்கம், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அதிர்ச்சியில் கலைந்திருக்கும்.

நான் காத்திருந்தேன். யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். கீழிருந்து அல்ல, அவ்வளவு புத்தி கெட்டுப்போகவில்லை. மேலே, லைன்களிலிருந்து. மிச்சமிருக்கும் வீடுகளிலிருந்து ஒருத்தியாவது கதவைச் சாத்திவிட்டு வருவாள், வந்து பக்கத்தில் நிற்பாள், ஆடிச்சே பாத்தியாக்கா என்பாள் என்று. சாலையில் ஒரு பைக் போனது. ஓட்டியவன் என்னைப் பார்த்தான், நிற்கவில்லை. வேறு யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மான்கள் திரும்பி வந்தன. முதலில் ஒன்று, பிறகு மற்றவை. முதலில் வந்தது தலையைத் தூக்கி மற்றவை வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றது. எல்லாம் வந்த பிறகுதான் அது புல்லில் வாயை வைத்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான். அது அவற்றின் வாழிடம். உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு. அப்புறம் நான் கரும்பலகையில் எழுதாமல் விட்ட ஐந்தாவது. என்னிடம் முதல் நான்கும் இருந்தன. எனக்கு அப்போது வந்த தனிமை கணவர் இறந்த அன்றுகூட வந்ததில்லை. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளிருந்தது.

போன் அடித்தது. மகன்.

"அம்மா, ஆடிச்சாமே? குரூப்ல மெசேஜ் போட்டிருக்கானுங்க. எங்க இருக்க?"

"கேட்ல."

இது கே.ஜி.எஃப் இல்லை என்று இந்தத் தடவை அவனால் சொல்ல முடியாது. போனில் வண்டிகளின் சத்தம் கேட்டது. ஹாரன் சத்தம்.

"நீ எங்கடா இருக்க? வெளிய போயிருக்கியா?"

"இல்லம்மா. மெசேஜ் பாத்தேன். செருப்புகூட போடல, கீழ எறங்கி வந்துட்டேன். அப்பார்ட்மென்ட் கேட்ல நின்னுகினு இருக்கேன். எதுக்கு இங்க வந்தேன்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரியும். இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, பித்தளை எழுத்துக்குக் கீழே, செருப்பில்லாமல் ஒருவன் நான் மேலே வருவதற்காக நின்றுகொண்டிருந்தான். வரமாட்டேன் என்று ஒரு வாரமாகத் தயார்செய்து வைத்திருந்த பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கேட்டில் அழக்கூடாது. நான் அழுதுவிட்டேன்.

"இன்னாம்மா? அடிகிடி பட்டுதா?"

"ஒண்ணும் இல்லடா. பெரிய வீடே பாரு. பாத்திரத்த மட்டும் கீழ வச்சிக்க சொல்லு உன் பொண்டாட்டிய."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் இப்பவே கார் எடுத்துகினு வர்றேன். நீ வீட்டுக்குப் போய் இரும்மா, வெயில்ல நிக்காத" என்றான்.

போனை வைத்தேன். வெயில் நன்றாகத்தான் அடித்தது. வீட்டில் சோறு பாதியில் கிடந்தது. ஆனால் கேட்டுக்கு வந்துவிட்டால், நம் ஆள் வரும்வரை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.